ஆப்பிரிக்கச் சதைப்பற்றுச் செடியின் உலர் மாதிரி: பச்சைவீட்டில் வளர்ப்போருக்கு ஓர் அறிமுகம்

உலர்தாவர மாதிரி என்பது ஒரு செடியை, அல்லது அதை அடையாளம் காணப் போதுமான அதன் பகுதியை, அழுத்தி உலர்த்தி, தடித்த கடதாசியில் பொருத்தி, அது எங்கே, எந்த நாளில், யாரால், எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்ற விபரத்தை அதே தாளின் கீழ்மூலையில் எழுதி, தலைமுறைகள் கடந்தும் கலையாமல் வைத்திருக்கும் சான்றாகும். இத்தகைய தாள்களைக் குடும்ப ஒழுங்கில் அடுக்கி வைக்கும் இடத்தை உலர்தாவரகம் என்பர். ஹெர்பேரியம் என்றும் வழங்குவதுண்டு. உலகெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உலர்தாவரகங்களில் ஏறத்தாழ 40 கோடி மாதிரிகள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி மெல்லிய இலையும் தண்டும் கொண்ட செடிகளே. இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்துப் பருத்து நிற்கும் சதைப்பற்றுத் தாவரங்கள் அந்த அலுமாரிகளில் தமக்குரிய பங்கைப் பெறவில்லை. அவற்றை உலர்த்துவது பெருந்தொல்லை என்பதால் சேகரிப்பவர்கள் அவற்றைக் கண்டும் காணாமல் கடந்து போனதே அதற்குக் காரணம்.

அந்தத் தொல்லையைக் கையாளும் வழியைச் சொல்வதோடு, அதைவிடக் கடினமான ஒரு கேள்வியையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. செடி தன் சொந்த நிலத்தில் வளராமல், பல்லாயிரம் கிலோமீற்றர் தள்ளி ஒரு பச்சைவீட்டில் வளர்ந்ததாயின், அதன் உலர் மாதிரி எதற்குச் சான்றாகும்?

நுவரெலியா, பண்டாரவளை, ஹட்டன் போன்ற இடங்களில் இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. வீட்டு முற்றங்களிலும் பொலித்தீன் கூரையிட்ட கூடாரங்களிலும் பலர் சிறு பூச்சாடிகளில் இச்செடிகளை வளர்க்கிறார்கள். எல்லாவற்றையும் கள்ளி என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். ஆனால் தாவரவியல் கணக்கில் கள்ளிக் குடும்பமாகிய கக்டசு அமெரிக்கக் கண்டத்துக்குரியது. (அக்குடும்பத்தில் ரிப்சாலிஸ் என்ற தொங்குகொடி ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நம் இலங்கையிலும் இயல்பாகக் காணப்படுகிறது, அது எப்படி வந்தது என்பது தனிக்கதை.) நம் பூச்சாடிகளில் உள்ள ஜேட் செடி எனப்படும் க்ரசுலா, வரிக்குதிரைக் கோடு கொண்ட ஹவோர்தியா, நட்சத்திர வடிவில் பெரிய பூ விரிக்கும் ஸ்டபேலியா, பலவகைக் கற்றாழைகள், முட்கள் நிறைந்த யூபோர்பியா, ஸ்நேக் பிளாண்ட் ஆகியவை ஆப்பிரிக்காவிலிருந்தோ மடகாஸ்கரிலிருந்தோ வந்தவை.

இலங்கைக்கும் ஆப்பிரிக்கத் தாவரச் சேகரிப்புக்கும் பழைய தொடர்பு உண்டு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்குக் கப்பலேறிய பவுல் ஹெர்மன், வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கியபோது அங்கும் செடிகளைச் சேகரித்தார். இலங்கையில் அவர் அழுத்தி உலர்த்திய செடிகள் பின்னர் சுவீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயசின் கைக்குப் போய், 1747இல் அவர் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலுக்கு அடிப்படையாயின. இன்று அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. லின்னேயசின் மாணவர் கார்ல் பீட்டர் துன்பர்க்கும் 1772 முதல் 1775 வரை முனைப் பகுதியில் அலைந்து, யப்பான் சென்று, திரும்பும் வழியில் 1777இல் இலங்கையில் தங்கினார். மலைநாட்டில் முறையான உலர்தாவரகம் என்பது பேராதனையோடு தொடங்குகிறது. 1821இல் அலெக்ஸாண்டர் மூன் தாவரவியற் பூங்காவைப் பேராதனையில் நிறுவினார். பூங்காவின் பொறுப்பைப் பின்னர் ஏற்ற த்வைட்ஸ், டிரைமன் ஆகியோர் காலத்தில் அங்குள்ள உலர்தாவரகம் வளர்ந்து, இன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களைக் கொண்ட தேசிய உலர்தாவரகமாக நிற்கிறது. ஹக்கலப் பூங்கா 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுச் செடிகளை மலைக்குக் கொண்டுவந்து பழக்குவது அந்தப் பூங்காவின் பிறவித்தொழில் எனலாம்.

இனி உலர்த்தும் வேலைக்கு வருவோம்.

ஒரு தேயிலைக் கொழுந்தையோ காட்டுப் பன்னத்தையோ பத்திரிகைத் தாளுக்கிடையில் வைத்துப் பலகையால் அழுத்தினால், சில நாட்களில் அது காய்ந்து தட்டையாகிவிடும். சதைப்பற்றுச் செடி அப்படிக் காயாது. அது வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், பலகைக்கிடையில் உயிரோடு இருக்கும். வறண்ட நிலத்தில் மழையின்றிப் பல மாதம் தாக்குப்பிடிக்கவே உருவான உடல் அது. மேற்றோல் மெழுகுபோல் தடித்தது. இலைவாய்கள் பெரும்பாலும் இரவில் திறந்து, காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்து அமிலமாகச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு அதைக் கொண்டு ஒளித்தொகுப்பு நடத்துகின்றன. தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளராக வந்து, பின்னர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்றிருக்கிறது என்று கவனித்து எழுதிய கடிதம் 1815இல் அச்சேறியது. இந்த இரவு அமிலத் தொழிற்பாட்டைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளில் அது முக்கியமானது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அதே ரணகள்ளியைத்தான் நம்மூரில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்கிறார்கள். புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று சிறுவயதில் காத்திருந்து ஏமாந்த நமக்கு, இந்த இலை பத்திரிகைத் தாளுக்கிடையில் உண்மையாகவே விளிம்பெங்கும் குட்டி விடும் என்பது வேடிக்கையாக இருக்கலாம். உலர்தாவரகத்துக்கு அது வேடிக்கையல்ல. நீர் தேடி வாடும் செடி தன் இலைகளை உதிர்க்கிறது, பூக்களைக் கொட்டுகிறது, புதிய தண்டை நிறமின்றி நீட்டுகிறது; இறுதியில் தாளில் மிஞ்சுவது நாம் பறித்த செடியின் உருவமே அல்ல.

ஆகவே முதல் வேலை, செடியின் கலங்களை விரைவாகக் கொல்வது. கொதிநீரில் சில விநாடிகள் முதல் ஒரு நிமிடம் வரை தண்டையும் இலையையும் முக்கி எடுப்பது பழைய வழி. பூக்களை நீருக்கு வெளியே பிடித்துக்கொள்ள வேண்டும். அற்ககோலில் ஊறவைப்பது இன்னொரு வழி. குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரு நாள் வைத்தாலும் கலங்களுள் பனிப்பளிங்கு உண்டாகிச் சுவர்கள் கிழிந்து, வெளியே எடுத்ததும் நீர் தானாக வடியத் தொடங்கும். நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாத விடியலில் விழும் துகள் பனி, வெளியே மறந்துவிட்ட க்ரசுலாவின் இலைகளைக் கண்ணாடிபோல் ஊடொளி விடும் நிலைக்குக் கொண்டுவருவதும் இதே காரணத்தாலேயே.

ஒன்றை மட்டும் இதற்கு முன்னரே செய்துவிட வேண்டும். டி.என்.ஏ. ஆய்வுக்கு ஒரு துண்டு தேவைப்படுமாயின், கொதிநீருக்கும் அற்ககோலுக்கும் போகாத பச்சைத் திசுவைத் தனியே எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அதன் எடையைப்போல் பத்து மடங்கு எடுத்து அதற்குள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர்ச்சதையைச் சுரண்டிவிட்டுப் பச்சை மேற்படையை மட்டும் வைப்பது நல்லது. வழவழப்பான பசை டி.என்.ஏ.யைப் பிரிக்கும் வேலையைக் கெடுக்கும். வெந்த இலையிலிருந்து பின்னர் அதைப் பெற முயல்வது பெரும்பாலும் வீண்.

அடுத்தது வெட்டுவது. எப்படி வெட்டுவது என்பதில்தான் சேகரிப்பவரின் கை தெரியும். நாற்கோணத் தண்டுடைய ஸ்டபேலியாவை நீளவாட்டில் பிளந்து, உள்ளிருக்கும் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, தோலை மட்டும் உலர்த்தலாம். ஆனால் அப்படிச் செய்தால் தண்டுக்கு எத்தனை மூலை என்பது மறைந்துபோகும். அதனால் ஒரு மெல்லிய குறுக்குவெட்டு வட்டத்தையும் சேர்த்து உலர்த்த வேண்டும். ஹவோர்தியாவின் இலைக்கொத்தை மேலிருந்து வேர்வரை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியின் வெட்டுமுகம் தெரியவும், மறுபாதியின் வெளிமுகம் தெரியவும் வைப்பார்கள். இவற்றோடு சில இலைகளைத் தனியே எடுத்து மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் காட்டுவார்கள். பெரிய கற்றாழை இலையில் அடியும் நுனியும் நடுவில் ஒரு துண்டும் போதும், விளிம்பின் முட்கள் மட்டும் எங்கும் சேதமின்றி இருக்க வேண்டும். முழு இலையின் நீளத்தையும் அடியின் அகலத்தையும் வெட்டுவதற்கு முன்பே அளந்து எழுதியிருக்க வேண்டும். ஸ்நேக் பிளாண்டின் நீண்ட இலையை மடித்தும் வைக்கலாம். யூபோர்பியா வகைகளை வெட்டும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிவையும் பார்வைக் கேட்டையும் உண்டாக்கும். கையுறை அணிய வேண்டும், அந்தக் கையால் முகத்தைத் தொடக் கூடாது. நம் வேலியில் நிற்கும் திருக்கள்ளியும் ஆப்பிரிக்க யூபோர்பியாதான். அதன் பாலைப் பற்றிப் பாட்டிமார் சொன்ன எச்சரிக்கை முழுக்கச் சரி.

பூவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஸ்டபேலியா ஜைகன்டியாவின் பூ விரிந்தால் ஓர் உணவுத் தட்டின் அளவுக்கு வரும். வெளிர்மஞ்சள் பரப்பில் செந்நிறக் கோடுகள் ஓடும். அழுகிய இறைச்சி நாற்றத்தால் ஈக்களை ஈர்த்து மகரந்தச் சேர்க்கை நடத்தும். இனங்களைப் பிரித்தறிய உதவும் உறுப்போ நடுவில் உள்ள சிறு மகுடம். அழுத்தினால் அது நசுங்கி உருத்தெரியாமல் போய்விடும். எனவே ஒரு பூவை விரித்து அழுத்தும்போதே, இன்னொரு பூவை 70 சதவீத எதைல் அற்ககோல் நிரப்பிய போத்தலில் இட வேண்டும். போத்தலுக்குள் போடும் துண்டுச்சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும். தாளிலும் போத்தலிலும் ஒரே சேகரிப்பு எண் இருக்க வேண்டும். அதுபோலவே, உலர்ந்தபின் எவராலும் மீட்க முடியாத விடயங்கள், அதாவது நிறம், மேற்பரப்பில் சாம்பல் பூத்தது போன்ற மெழுகு, மணம், செடியின் மொத்த உருவம், குட்டிகளின் எண்ணிக்கை என்பன, செடி சாடியில் நிற்கும்போதே எழுதப்பட்டு, அளவுகோல் வைத்த புகைப்படமும் எடுக்கப்பட வேண்டும். சதைப்பற்றுச் செடியைப் பொறுத்தவரை ஒட்டிய தாள், போத்தல், புகைப்படம், குறிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மாதிரி என்பது என் கருத்து. தாளை மட்டும் பார்ப்பவர் தோலைப் பார்த்துச் செடியை ஊகிக்கிறார்.

வெட்டிய துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் பரப்பி, ஒற்றுத்தாளும் நெளிமட்டையும் இடையிட்டு, மரச்சட்டங்களுக்கிடையில் வார்ப்பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். பழைய தினகரனோ வீரகேசரியோ போதும். வழவழப்பான வாரமலர்த் தாள் நீரை உறிஞ்சாது. முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும். மலையகத்தின் தொல்லை இங்கே தொடங்குகிறது. 1868 மீற்றர் உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நுவரெலியாவில், மாற்றுவதற்கு எடுத்த புதிய தாளே ஈரமாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அறையில் வைத்து உலர்த்தும் முயற்சி பூஞ்சணத்தில்தான் முடியும். சூடேறும் பழைய இழை மின்குமிழ்கள் சிலவற்றைப் பொருத்திய மரப்பெட்டியின் மேல், நெளிமட்டைகளின் குழாய்கள் வழியே சூடான காற்று ஏறும்படி அழுத்துசட்டத்தை நிறுத்தி வைப்பது எளிய தீர்வு. வெப்பம் 40 முதல் 45 பாகை செல்சியசுக்குள் இருந்தால் போதும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பவர்களும் உண்டு. அங்கு புகைக்கரி படிகிறது, வெப்பத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, இலை கருகி நொறுங்குகிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உலர்ந்ததை ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 27 முதல் 29 செ.மீ. அகலமும் உள்ள அமிலமற்ற தடித்த தாளில் பசையாலும் துணிப்பட்டையாலும் பொருத்துவர். பருத்த தண்டை நூலால் தைக்க வேண்டும். உதிர்ந்த இலை, விதை ஆகியவற்றுக்குத் தாளிலேயே ஒரு சிறு கடதாசி உறை.

இனி, முதலில் எழுப்பிய கேள்வி. பச்சைவீட்டுச் செடி காட்டுச் செடியின் அதே இனமாக இருக்கலாம். ஆனால் அதே உருவில் இருப்பது அரிது. தென்னாபிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் ஹவோர்தியா இனங்கள் பல, இலைநுனியின் ஒளி ஊடுருவும் 'சாளரம்' மட்டும் தெரிய, மண்ணுக்குள் புதைந்து வாழ்கின்றன. அதே செடி நம் பொலித்தீன் கூடாரத்தில், மூடுபனி வடிகட்டிய மங்கிய ஒளியிலும் குறைவில்லாத ஈரத்திலும், இலைகளை நீட்டி, நிறம் வெளிறி, மண்ணுக்கு மேலே தளர்ந்து நிற்கும். கூழாங்கல் போலத் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டிய லித்தொப்ஸ், அதிகம் நீரூற்றினால் விரல்போல் உயர்ந்துவிடும். க்ரசுலாவின் இலை விளிம்பில் வெயிலும் குளிரும் ஏற்றும் சிவப்பு, நிழலில் தோன்றாது. இப்படிப்பட்ட செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி, 'வளர்ப்புச் செடி' என்ற சொல்லை எழுதாமல் விட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அதைப் பார்க்கும் ஆய்வாளர் இலை நீளத்தை அளந்து, இது வேறொரு இனம் என்று முடிவு கட்டக்கூடும்.

பூக்கும் காலமும் அவ்வாறே. தென்னரைக்கோளத்தில் யூன், யூலை மாதக் குளிரில் பூக்கும் செடி, வடவரைக்கோளத்துப் பச்சைவீடுகளில் திசம்பரை ஒட்டிப் பூக்கலாம். பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாத இலங்கையில் அது எப்போது பூக்கும் என்பது இரவுக் குளிரையும் நீர் ஊற்றும் வழக்கத்தையும் பொறுத்தது. எனவே நம் தாளில் உள்ள திகதி நம் பச்சைவீட்டைப் பற்றிய செய்தியே தவிர, கரூவின் பருவத்தைப் பற்றியதல்ல. உலர் மாதிரிகளின் திகதிகளைக் கொண்டு காலநிலை மாற்றத்தை ஆராய்வோர் வளர்ப்பு மாதிரிகளை முதலிலேயே விலக்கிவிட வேண்டியிருப்பது இதனாலேயே. விலக்குவதற்கு, அது வளர்ப்பு மாதிரி என்று எவரேனும் எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் கலப்பு. ஒரே கூடாரத்தில் அருகருகே பூக்கும் கற்றாழை இனங்கள் எளிதில் ஒன்றோடொன்று கலந்து விதை கட்டும். அந்த விதையில் முளைத்தது தாயின் பெயருக்கு உரியதல்ல. குட்டியாகப் பிரித்து வைத்த செடியாயின் அது தாயின் நேர்ப்பிரதி. ஆதலால் செடி விதையிலிருந்து வந்ததா, குட்டியிலிருந்து வந்ததா, துண்டு நட்டதா என்பதைக் குறிப்புச்சீட்டில் எழுதுவது அவசியம். காட்டு மாதிரிக்கு இந்த வரி தேவையில்லை என்பதால் அச்சிட்ட சீட்டுகளில் அதற்கு இடமே இருக்காது. கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஒரு சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். மேலே தாவரத்தின் பெயர். அதன்கீழ், இது வளர்ப்புச் செடி என்ற சொல், முதல் வரியிலேயே. பின்னர் வளர்ந்த இடம்: மாவட்டம், ஊர், உயரம், பொலித்தீன் கூரையின்கீழா திறந்த வெளியிலா என்பது. அதற்கடுத்து மூலம்: காட்டிலிருந்து எடுத்தவர் யார், அவருடைய எண் என்ன, எந்த நாட்டின் எந்த மாவட்டம். இது கிடைத்தால் மாதிரியின் மதிப்புப் பலமடங்கு உயர்கிறது. கிடைக்காவிட்டால், 'கண்டியில் கடையில் வாங்கியது, காட்டு மூலம் அறியப்படவில்லை' என்று அப்படியே எழுத வேண்டும். நூலைப் பார்த்துத் 'தென்னாபிரிக்கா' என்று நிரப்புவது மிகப் பெரிய தவறு. அது பார்ப்பதற்குத் தகவல்போல் இருக்கும், உண்மையில் எவரும் கண்டறியாத ஒன்று. பின்பு செடியின் வருணனை, திகதி, சேகரித்தவர் பெயர், அவருடைய தொடரெண், உயிர்ச்செடியின் சாடித் தகட்டில் உள்ள பதிவெண். பிற்காலத்தில் பெயர் மாறினால் பழையதை அழிக்காமல், பெயரும் ஆண்டும் இட்ட புதிய சீட்டை அருகில் ஒட்டுவார்கள்.

பெயர் மாறுவதற்கும் பச்சைவீட்டுக்கும் உள்ள உறவு சற்று விரித்துச் சொல்லத்தக்கது. ஓர் இனத்துக்கு அறிவியற் பெயர் இடும்போது, அந்தப் பெயர் நிரந்தரமாகக் கட்டப்படும் ஒற்றைச் சான்றை வகைமாதிரி என்பர். 1958 சனவரி 1 முதல், வகைமாதிரி குறிப்பிடாமல் வெளியிடும் புதிய பெயர் செல்லாது. வகைமாதிரி நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். உயிருள்ள செடி வகைமாதிரியாக இருக்க முடியாது. ஆகவே பச்சைவீட்டில் எவ்வளவு அருமையான செடி நின்றாலும், பெயருக்கு ஆதாரமாவது அதிலிருந்து உலர்த்திய தாளோ அற்ககோல் போத்தலோதான். இந்த விதி வருவதற்கு முந்திய இரு நூற்றாண்டுகளில், ஆப்பிரிக்கச் சதைப்பற்றுச் செடிகளில் மிகப் பல ஐரோப்பியத் தோட்டங்களில் நின்ற செடிகளைக் கொண்டே பெயர் பெற்றன. நம் ஜேட் செடிக்கு 1768இல் பெயரிட்ட பிலிப் மில்லர், லண்டன் செல்சீ மருந்துச்செடித் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர். ஹவோர்தியா என்ற பேரினப் பெயர் எவரைக் குறிக்கிறதோ, அந்த ஏட்ரியன் ஹவோர்த் இங்கிலாந்தில் தாமும் வளர்த்து, லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் செடிகளையும் பார்த்து, ஏராளமான இனங்களை விவரித்தார். அவற்றில் பலவற்றுக்கு உலர் மாதிரியே இல்லை. அவரது காலத்தில் கியூவில் வரையப்பட்ட நீர்வண்ண ஓவியங்கள்தான் இன்று சில பெயர்களுக்கு வகையாக நிற்கின்றன. உலர்த்துவது தொல்லை என்று அன்று தவிர்த்ததன் விலை, அந்தப் பெயர் எந்தக் குன்றின் எந்தச் செடியைச் சுட்டியது என்று இன்றும் தொடரும் விவாதம்.

நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு ஸ்நேக் பிளாண்ட். நைஜீரியா முதல் கொங்கோ வரையான மேற்கு, நடு ஆப்பிரிக்காவுக்குரிய இச்செடிக்கு, கல்கத்தா தாவரவியற் பூங்காவின் பொறுப்பில் இருந்த டேவிட் பிரெய்ன், 1903இல் வங்காளத் தாவரங்களைப் பற்றிய தமது நூலில் சன்செவேரியா ட்ரைஃபாசியாட்டா என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கச் செடி ஒன்று ஆசியத் தோட்டத்துச் செடியாகவே அறிவியலுக்குள் நுழைந்தது. இதே பேரினத்தில் இலங்கையில் இயல்பாக வளரும் இனம் ஒன்றும் உண்டு. வறண்ட பகுதிகளின் பாறை நிலத்தில் வளரும், நார் எடுக்க உதவிய மருள் வகைகளுள் ஒன்றான அதற்கு செய்லானிக்கா என்பது இனப்பெயர். தோட்டக்கலை உலகம் நீண்டகாலம் ஆப்பிரிக்கச் செடியை இந்த இலங்கைப் பெயராலேயே விற்றுவந்தது. இவை 2017, 2018ஐ ஒட்டி ட்ரசீனா பேரினத்துக்கு மாற்றப்பட்டபோது, பெயர்ப்பலகைகள் மேலும் குழம்பின. ஹட்டனில் ஒரு சாளரத்தோரம் நிற்கும் சாடியில் இருப்பது எது என்று உறுதிசெய்ய, அதன் இலையின் அடிப்பகுதி, குறுக்குவெட்டு, பூங்கொத்து ஆகியவற்றைப் பேராதனையில் உள்ள காட்டு மருளின் தாளோடு ஒப்பிடுவதைவிட நம்பகமான வழி இல்லை.

வகைமாதிரியின் படிகளைப் பல உலர்தாவரகங்களுக்குப் பகிர்ந்தளிப்பது வழக்கம். அதன் அருமை 1943 மார்ச்சில் தெரிந்தது. பேர்லின் உலர்தாவரகம் குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்தபோது, ஆப்பிரிக்கத் தாவரப் பெயர்கள் பலவற்றின் ஆதாரத் தாள்களும் சாம்பலாயின. வேறிடத்துக்கு அனுப்பிய படிகள் இருந்த பெயர்கள் மட்டும் தப்பின.

எல்லாத் தாளும் புதிய பெயருக்காக அல்ல. பச்சைவீட்டு மாதிரிகளின் அன்றாடப் பயன் சாட்சி சொல்வது. கற்றாழை, ஹவோர்தியா வகைகளின் வேர்நுனியில் நிறமூர்த்தங்களை எண்ணி, எட்டு நீண்டவை, ஆறு குறியவை எனப் பதினான்கு என்று ஓர் ஆய்வாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எண்ணியது எந்தச் செடியின் வேரை என்ற ஐயம் பின்னர் எழுந்தால், அந்தச் சாடியிலிருந்து எடுத்துத் தாளில் ஒட்டிய மாதிரியே பதில் சொல்லும். மருந்துப் பொருள் ஆய்வு, டி.என்.ஏ. ஆய்வு அனைத்துக்கும் இது பொருந்தும். அலங்காரச் செடி ஒன்று தோட்டத்தைத் தாண்டி மலைச்சரிவில் பரவத் தொடங்கினால், அது முதன்முதல் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதற்கும் இத்தகைய தாள்களே சாட்சி. ஹோர்ட்டன் சமவெளியில் பிரித்தானியர் கொண்டுவந்த கோர்ஸ் முட்புதரைக் கண்டவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

தாளைக் காப்பதில் இரண்டே எதிரிகள்: ஈரமும் பூச்சியும். சிகரட் வண்டு எனப்படும் சிறு கபில நிற வண்டு உலர்ந்த பூவைத் துளைத்துத் தூளாக்கும். புதிய மாதிரியைக் காற்றுப்புகாத பொலித்தீன் உறையிலிட்டு, மறை 20 பாகைக்குக் கீழான குளிரில் ஒரு வாரம் வைத்த பின்னரே அலுமாரிக்குள் சேர்ப்பது இன்றைய வழக்கம். முற்காலத்தில் பாதரசக் குளோரைட்டைப் பூசினார்கள். ஆகவே பழைய தாள்களை வெறுங்கையால் தொட்டுவிட்டு உணவைத் தொடக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கற்றாழைப் பேரினத்தின் இனங்கள், மருந்துக்காகப் பரவலாக வளர்க்கப்படும் சோற்றுக்கற்றாழை நீங்கலாக, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. சதைப்பற்றுள்ள யூபோர்பியா, பக்கிபோடியம் ஆகியவையும் அவ்வாறே. உயிர்ச்செடியை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவுபெற்ற அறிவியல் நிறுவனங்கள் தமக்குள் வணிக நோக்கின்றி மாற்றிக்கொள்ளும் உலர் மாதிரிகளுக்கு அந்த உடன்படிக்கையிலேயே விலக்கு உண்டு. தனியார் ஒருவர் தாமாக உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புவது அந்த விலக்குக்குள் வராது. தென்னாபிரிக்காவில் அண்மை ஆண்டுகளில் கோனோபைட்டம் போன்ற சிறு செடிகளைச் சாக்குக்கணக்கில் தோண்டிக் கடத்தும் கும்பல்கள் பெருகியதால், அரிய இனங்களின் சரியான இடத்தை இணையத்தில் காட்டாமல் மறைக்கிறார்கள். தாளில் அது முழுமையாக எழுதப்பட்டே இருக்கும்.

உங்கள் பச்சைவீட்டுச் செடியிலிருந்து மாதிரி எடுக்க எண்ணினால், உலர்தாவரகத்தை முதலிலேயே தொடர்புகொண்டு, எந்தச் செடியை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்வது முறை; எங்கும் கிடைக்கும் அலங்காரச் செடியின் மூலமறியாத இருபதாவது தாளுக்கு அலுமாரியில் இடமிருக்காது. ஏற்பதாயின், செடி முழுவதையும் பலிகொடுக்க வேண்டியதில்லை. காட்டில் சேகரிப்பவருக்குக் கிடைக்காத வசதி இது: ஓர் இலையையும் குட்டியையும் இன்று உலர்த்தலாம், பூக்கும் ஆண்டில் பூவை எடுக்கலாம், காய்த்தால் விதையை எடுக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் தன் திகதியும் தன் சேகரிப்பு எண்ணும் இருக்கும். சாடியில் குத்திய தகட்டில் உள்ள பதிவெண் மட்டும் எல்லாத் தாள்களிலும் மாறாமல் எழுதப்பட வேண்டும். அந்தத் தகடு தொலைந்துபோகும் என்பதால், அதே எண்ணைச் சாடியின் அடிப்புறத்திலும் எழுதி வையுங்கள்.